அரக்கோணம் பக்கம் புல்லட் ரயிலை நம்பி மனை வாங்கலாமா?

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் நான் புரிந்துகொண்டபடி சொல்லிவிடுகிறேன். ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர் வேலை. சேமிப்பும் சீட்டுப் பணமுமாகக் கையில் 14 லட்சம் இருக்கிறது. அரக்கோணத்திலிருந்து ஆறு கிலோமீட்டர் தள்ளி ஒரு லேஅவுட்டில் மூன்று சென்ட் மனை காட்டினார்கள். பக்கத்திலேயே புல்லட் ரயில் ஸ்டேஷன் வருகிறது, ஐந்து வருடத்தில் மூன்று மடங்கு ஆகும், இந்த மாதமே அட்வான்ஸ் போடுங்கள் என்கிறார்கள். இன்னொரு பக்கம், காட்பாடி தாலுகாவில் ஆந்திர எல்லையை ஒட்டி அப்பா பெயரில் இருக்கும் 70 சென்ட் நிலத்துக்குப் பக்கத்தில் யாரோ சிமென்ட் கல் நட்டு எண் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். ரயிலுக்கு எடுத்துக்கொள்வார்கள், அதற்கு முன்னால் விற்றுவிடுங்கள் என்று உள்ளூர் புரோக்கர் நச்சரிக்கிறார். ஒரே ரயிலைக் காட்டி ஒருவர் வாங்கு என்கிறார், இன்னொருவர் விற்றுவிடு என்கிறார். ஆக, நீங்கள் உண்மையில் கேட்பது இதுதான்: இந்த ரயிலால் நிலத்தின் மதிப்பு ஏறுமா, ஏறினால் அந்த ஏற்றம் யார் கைக்குப் போகும்?

நான் நகரமைப்பு படித்தவன். மனைப்பிரிவு அனுமதிக் கோப்புகளிலும், பிறகு வங்கிக் கடனுக்கு நில மதிப்பீடு செய்வதிலுமாக வேலூர், ராணிப்பேட்டை பக்கமே காலம் ஓடியிருக்கிறது. ரயில் பொறியியல் என் துறை இல்லை, வக்கீலும் இல்லை. அதனால் சட்ட விஷயத்தில் நான் சொல்வதை ஒரு சிவில் வக்கீலிடம் ஒருமுறை காட்டிக்கொள்ளுங்கள். நிலம், மனை, விலை இவற்றில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைப் பிரித்துவிடுவோம். நம் பக்கத்து மனை விளம்பரங்களில் மூன்று வேறு வேறு திட்டங்களை ஒன்றாகக் கலந்து 'வேகப் பாதை வருகிறது' என்று போடுகிறார்கள். ஒன்று, சென்னை–பெங்களூரு விரைவுச் சாலை. சுமார் 262 கிலோமீட்டர். 2022 மே மாதம் அடிக்கல் நாட்டி, ராணிப்பேட்டை மாவட்டம் வழியாகச் சித்தூர் பக்கம் போகிறது. இது மண்ணில் கண்ணால் பார்க்கக்கூடிய வேலை. இரண்டாவது, சென்னை–காஞ்சிபுரம்–வேலூர் மண்டல விரைவு ரயில். 2025-26 மாநில பட்ஜெட்டில் சுமார் 140 கிலோமீட்டருக்கு, மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்துக்கு, சாத்தியக்கூறு ஆய்வு என்று அறிவித்தார்கள். மூன்றாவதுதான் நீங்கள் கேட்கும் அதிவேக ரயில். சென்னையிலிருந்து பெங்களூரு வழியாக மைசூரு வரை ஏறத்தாழ 435 கிலோமீட்டருக்கு ஆய்வு நடந்த தடம் அது. 2026 பிப்ரவரி மத்திய பட்ஜெட்டில் சொன்ன ஏழு அதிவேகத் தடங்களில் சென்னை–பெங்களூருவும் ஒன்று. ஆய்வு நிலையில் பேசப்பட்ட நிலையங்களில் பூந்தமல்லி, அரக்கோணம், சித்தூர் பெயர்கள் உண்டு. காட்பாடியோ வேலூரோ அதில் இல்லை. மூன்றுக்கும் பாதை வேறு, நிறுத்தம் வேறு, பயணம் செய்யப்போகும் ஆட்களும் வேறு. உங்களிடம் மனை விற்பவரிடம் 'இதில் எது?' என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். பதில் வரும் விதத்திலேயே பாதி தெரிந்துவிடும்.

இப்போது உறுதியானதையும் உறுதியில்லாததையும் பார்ப்போம். இப்படி ஒரு தடம் வேண்டும் என்று மத்திய அரசு நினைக்கிறது, ஆய்வு செய்திருக்கிறது என்பது உறுதி. அரக்கோணத்தில் நிலையம் என்றால் எந்தக் கிராமத்தில், எந்த சர்வே எண்ணில் என்பது உறுதியில்லை. நிலையத்தின் இடம் நிலமெடுப்பு அறிவிக்கை அரசிதழிலும் பத்திரிகையிலும் சர்வே எண்ணோடு வெளிவரும்போதுதான் நிலைக்கும். அதுவரை வரைபடத்தில் இருக்கும் புள்ளி ஐந்து கிலோமீட்டர் இந்தப் பக்கமும் நகரும், அந்தப் பக்கமும் நகரும். 'ஆறு கிலோமீட்டர்' என்று உங்களிடம் சொன்னது இப்போதிருக்கும் அரக்கோணம் ஜங்ஷனிலிருந்து. புதிய நிலையம் அங்கேதான் வரும் என்று யார் சொன்னது? சூரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மும்பை–அகமதாபாத் தடத்தில் சூரத்துக்கான நிலையம் பழைய ஜங்ஷனில் வரவில்லை. ஊருக்கு வெளியே அந்த்ரோலி என்ற கிராமத்தில் கட்டினார்கள்.

அந்தத் தடத்தையே கால அளவுக்கும் எடுத்துக்கொள்ளலாம், நம் நாட்டில் வேறு உதாரணம் கிடையாது. 508 கிலோமீட்டர், 12 நிலையங்கள். 2017 செப்டம்பரில் அடிக்கல். 2023-க்குள் முடியும் என்றார்கள். நிலமெடுப்பு முழுமையாக முடிந்தது என்ற அறிவிப்பு வந்ததே 2024 ஜனவரியில். சூரத்தை ஒட்டிய முதல் பகுதிக்கே 2027 என்று பிறகு தேதி சொன்னார்கள். அதாவது, ஜப்பான் கடனும் பிரதமர் மட்டத்து அக்கறையும் இருந்த திட்டத்துக்கே அடிக்கல்லிலிருந்து முதல் ரயிலுக்குச் சுமார் பத்து வருடம். நம் தடத்துக்கு அடிக்கல்லே இனிமேல்தான். ஐந்து வருடத்தில் மூன்று மடங்கு என்பவர் இந்தக் கணக்கை உங்களுக்குச் சொல்லவில்லை.

சரி, என்றைக்கோ ஒருநாள் ரயில் வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். நிலம் ஏறுமா? ஏறிய ஊரும் உண்டு, அப்படியே கிடக்கும் ஊரும் உண்டு. இதைப் புரிந்துகொள்ள ஒரே தடத்தில் இருக்கும் இரண்டு நிலையங்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஜப்பானில் டோக்கியோ–ஒசாகா ஷின்கான்சென் 1964 அக்டோபர் 1-ஆம் தேதி ஓடத் தொடங்கியது. அன்றைக்கே திறந்த இரண்டு நிலையங்கள் ஷின்-யோகோஹாமாவும் கிஃபு-ஹஷிமாவும். இரண்டும் வயல்வெளியில்தான் கட்டப்பட்டன. ஷின்-யோகோஹாமாவும் ரொம்ப நாள் வயலாகத்தான் இருந்தது. 1976-இல் வேக ரயில்கள் கொஞ்சம் நிற்க ஆரம்பித்தன, 1985-இல் யோகோஹாமா நகர மெட்ரோ அங்கே வந்து சேர்ந்தது, அதற்கப்புறம்தான் அலுவலகக் கட்டடங்கள் எழுந்தன. 2008 முதல் அந்தத் தடத்தின் எல்லா ரயில்களும் அங்கே நிற்கின்றன. கிஃபு-ஹஷிமாவில் வேகமான ரயில்கள் நிற்காமல் போய்விடுகின்றன. அறுபது வருடம் கழித்தும் அது பார்க்கிங் இடங்களும் வயலும் சூழ்ந்த அமைதியான நிலையம். இரண்டுக்கும் தண்டவாளம் ஒன்று, ரயில் ஒன்று, திறந்த நாள்கூட ஒன்று. ஒரு நாளைக்கு எத்தனை ரயில் நிற்கிறது, இறங்கியவரை ஊருக்குள் கொண்டுபோக என்ன இருக்கிறது, பக்கத்தில் ஏற்கெனவே எத்தனை பெரிய ஊர் இருக்கிறது என்பதில்தான் வித்தியாசம்.

இங்கிலாந்திலும் அப்படித்தான். லண்டனிலிருந்து சுரங்கப் பாதை வழியாகப் பிரான்சுக்குப் போகும் அதிவேகத் தடம் 2007 நவம்பரில் முழுமையாகத் திறந்தது. அதன் லண்டன் முனையில் கிங்ஸ் கிராஸ். பழைய சரக்கு யார்டும் கேஸ் டேங்குகளும் நின்ற 67 ஏக்கர் இன்றைக்குக் கல்லூரி, அலுவலகம், குடியிருப்பு என்று ஆளே அடையாளம் தெரியாமல் மாறிவிட்டது. ஆறு மெட்ரோ தடங்கள் சந்திக்கும் இடம் அது. ரயில் வராவிட்டாலும் அங்கே நிலத்துக்குத் தேவை இருந்தது. அதே தடத்தில், அதே மாதம் திறந்த எப்ஸ்ஃப்ளீட் நிலையம் கைவிட்ட சுண்ணாம்புக் குவாரிகளுக்கு நடுவில் கட்டப்பட்டது. பெரிய நகரம் வரும் என்றார்கள். வீடுகள் ரொம்ப மெதுவாகத்தான் வந்தன. வந்ததும் லண்டனுக்குப் போகும் உள்நாட்டு ரயிலை நம்பி வந்தவை. பாரிஸ் போகும் ரயில் 2020-இல் அங்கே நிற்பதையே விட்டுவிட்டது. ஸ்பெயினில் குவாதலஹாரா ஊரிலிருந்து விலகி ஒரு நிலையம் கட்டி 2003-இல் திறந்தார்கள். பக்கத்தில் முப்பதாயிரம் பேருக்கு வால்தெலூஸ் என்று புது ஊரே திட்டமிட்டார்கள். 2008 பொருளாதாரச் சரிவில் பாதியில் நின்றது. முதல் சில வருடம் வீடு வாங்கியவர்களைத் தவிர அங்கே ஆள் இல்லை.

நம் ஊருக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1-ஆம் தேதி ராயபுரத்திலிருந்து புறப்பட்டு வந்து நின்றது வாலாஜா ரோட்டில்தான். சென்னைக்கு அடுத்தபடியாக ரயிலைப் பார்த்த மண் நம்முடையது. அந்த நிலையத்தைச் சுற்றி நகரம் எழுந்ததா? ஸ்டேஷன் ஒரு பக்கம், வாலாஜாபேட்டை ஒரு பக்கம் என்றுதான் இன்றும் இருக்கிறது. காட்பாடி வளர்ந்தது. ஆனால் அது ஜங்ஷன், அதோடு பாலாற்றுக்கு அந்தப் பக்கம் வேலூர் ஏற்கெனவே இருந்தது, சி.எம்.சி. இருந்தது. வட மாநிலத்திலிருந்து நோயாளியைக் கூட்டிக்கொண்டு வருபவர் காட்பாடியில் இறங்கித்தான் ஆக வேண்டும். 1984-இல் வி.ஐ.டி. வந்த பிறகு மாணவர்கள் சேர்ந்தார்கள். இறங்குவதற்குக் காரணம் இருந்தது, அதனால் நிலம் ஏறியது. வந்தே பாரத் 2022 நவம்பரில் ஓட ஆரம்பித்தபோது சென்னைக்கும் பெங்களூருவுக்கும் நடுவில் நிறுத்தம் கொடுத்ததும் காட்பாடிக்குத்தான்.

அரக்கோணத்துக்கு வருவோம். அரக்கோணத்தில் மனை வாங்குபவர்கள் பெரும்பாலும் மனதில் வைத்திருப்பது 'இங்கே வீடு கட்டிக்கொண்டு சென்னைக்கு வேலைக்குப் போகலாம்' என்பது. இந்த எண்ணத்தில் தப்பில்லை. மின்சார ரயிலில் சீசன் டிக்கெட் எடுத்துக்கொண்டு அப்படிப் போய்வருபவர்கள் எத்தனையோ பேர். ஆனால் அதிவேக ரயிலுக்கு அந்தக் கட்டணம் இருக்காது. மும்பை–அகமதாபாத் ரயிலுக்கு ஆரம்பத்தில் பேசப்பட்டது முதல் வகுப்பு ஏ.சி. கட்டணத்தைப் போல ஒன்றரை மடங்கு. எழுபது கிலோமீட்டருக்கு யார் தினமும் இரண்டு தடவை அதைக் கொடுப்பார்கள்? ஸ்பெயினில் சியுதாத் ரியல் என்ற சிறிய ஊர் அதிவேக ரயிலால் உண்மையாகவே பலனடைந்தது. அங்கே தினசரிப் பயணிகளுக்கென்றே தனி ரயிலும் சலுகைப் பாஸும் கொடுத்தார்கள், ஊருக்குள் பல்கலைக்கழகமும் இருந்தது. நம் தடத்தில் அப்படிச் சலுகைப் பாஸ் வரலாம், வராமலும் போகலாம். அது ஒரு கொள்கை முடிவு. அதை நம்பி இன்றைக்கு 14 லட்சத்தைப் போட முடியாது. அரக்கோணத்தின் நில மதிப்பைத் தாங்கிப் பிடிப்பது மின்சார ரயிலும், அங்கிருக்கும் டயர் தொழிற்சாலையும், கடற்படை விமானத் தளமும், பனப்பாக்கம் சிப்காட்டில் 2024 செப்டம்பரில் அடிக்கல் நாட்டிய கார் தொழிற்சாலையும்தான். இந்தப் பட்டியலில் புல்லட் ரயிலை நான் சேர்க்க மாட்டேன்.

விலைக் கணக்கையும் பார்த்துவிடுங்கள். ஒரு செய்தி மனை விற்பவரின் பிளெக்ஸ் பேனருக்கு வந்துவிட்டதென்றால் அது விலையில் ஏறிவிட்டது என்று அர்த்தம். முதல் லாபம் விளைநிலத்தை ஏக்கர் கணக்கில் வாங்கி மனையாகப் பிரித்தவருக்குப் போய்விட்டது. நீங்கள் வாங்குவது அந்த லாபத்தையும் சேர்த்த விலைக்கு. அதற்கு மேல் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், கமிஷன், பட்டா மாற்றம். 14 லட்சத்தை வங்கியில் 7 சதவீத வட்டிக்குப் போட்டாலே பத்து வருடத்தில் ஏறத்தாழ இரட்டிப்பாகும். ஆக, மனை பத்து வருடத்தில் இரண்டு மடங்கு ஆனாலும் நீங்கள் சம்பாதித்தது ஒன்றுமில்லை. அவசரத்துக்கு மூன்று மாதத்தில் விற்கவும் முடியாது. மதிப்பீட்டுக்குப் போகும்போது நான் முதலில் கவனிப்பது இதைத்தான்: அந்த லேஅவுட்டில் மறுவிற்பனைப் பத்திரம் எத்தனை பதிவாகியிருக்கிறது. கம்பெனி விற்ற பத்திரமாகவே இருந்து, வாங்கியவர் இன்னொருவருக்கு விற்ற பத்திரம் ஒன்றுகூட இல்லையென்றால், அங்கே சந்தை விலை என்று ஒன்று இல்லை. கம்பெனி சொல்லும் விலை மட்டும்தான் இருக்கிறது. வில்லங்கச் சான்று போட்டால் இது தெரிந்துவிடும், இணையத்திலேயே பார்க்கலாம்.

அந்த மனையை வேறு காரணத்துக்காகப் பிடித்திருக்கிறது, ரயில் வராவிட்டாலும் வீடு கட்டிக் குடிபோவேன் என்றால் வாங்குங்கள். ஆனால் இவற்றைப் பார்த்துவிட்டு. நகர் ஊரமைப்பு அனுமதி எண்ணையும் ரெரா (மனை விற்பனை ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண்ணையும் வாங்கி, இணையத்தில் அந்த வரைபடத்தைத் திறந்து, உங்கள் மனை எண் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு ரெராவில் பதிவாகியிருக்க வேண்டும். 2022-இல் சென்னைப் பெருநகரப் பகுதியை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரித்தபோது அரக்கோணம் பக்கமும் அதில் சேர்ந்தது. அதனால் அனுமதி கொடுத்தது எந்த அலுவலகம், எந்தத் தேதியில் என்பதையும் ஒத்துப்பாருங்கள். சாலையும் பூங்கா இடமும் பஞ்சாயத்துக்குத் தானப் பத்திரம் ஆகியிருக்கிறதா என்று கேளுங்கள்.

அப்புறம் அ-பதிவேட்டையும் (ஒவ்வொரு சர்வே எண்ணும் என்ன வகை நிலம், யாருடையது என்று சொல்லும் கிராமப் பதிவேடு) புலப்படத்தையும் (அந்த சர்வே எண்ணின் அளவை வரைபடம்) எடுத்துக்கொண்டு நேரில் போங்கள். அரக்கோணம், நெமிலி, காவேரிப்பாக்கம் எல்லாம் ஏரிகளின் நாடு. கிராம வரைபடத்தில் ஏரியிலிருந்து கிளம்பும் கால்வாய் ஒரு மெல்லிய இரட்டைக் கோடாகத்தான் தெரியும். தரையில் அதை ஜே.சி.பி. விட்டு நிரவி, மேலே கிராவல் கொட்டி, 'முப்பதடி ரோடு' என்று மஞ்சள் கல் நட்டிருப்பார்கள். புலப்படத்தில் கோடு எங்கே ஓடுகிறதோ அதே இடத்தில் நின்று பாருங்கள். பக்கத்து வயலின் வரப்பு அங்கே வந்து திடீரென்று முடியும், கோரைப்புல் ஒரு வரிசையாக முளைத்திருக்கும், சில இடத்தில் பழைய மதகின் கருங்கல் பாதி புதைந்து கிடக்கும். அப்படிப்பட்ட இடத்தில் மழை வந்தால் தண்ணீர் தன் பழைய வழியைத்தான் தேடும். 2021 நவம்பரில் பாலாறு வந்த வரத்தை நாம் எல்லோரும் பார்த்தோமே. அதோடு, பஞ்சமி நிலமா என்று பாருங்கள். 1892 முதல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு ஒப்படை செய்த அந்த நிலங்களை மற்றவர்கள் வாங்கினால் செல்லாது. வட ஆற்காட்டில் அப்படிப்பட்ட நிலம் நிறைய, பெயர் மாறி மாறிக் கை மாறியிருக்கும்.

உங்கள் கேள்வியின் இன்னொரு பாதி, ஏற்றம் யார் கைக்குப் போகும் என்பது, எனக்கு ரொம்ப முக்கியமாகப் படுகிறது. கிங்ஸ் கிராஸில் நிலத்தில் பெரும்பகுதி ரயில் சார்ந்த ஒரு பொது நிறுவனத்தின் கையில் இருந்தது. முழுசாகத் திட்டமிட முடிந்தது, ஏறிய மதிப்பில் பொதுத்துறைக்கும் பங்கு கிடைத்தது. சிறு சிறு துண்டாக விவசாயிகளிடம் இருக்கும் நிலத்தில் என்ன நடக்கும்? விவரம் முன்கூட்டித் தெரிந்தவர்கள் வாங்கிவிடுவார்கள், விவசாயி விற்றுவிட்டுப் போவார், கடைசியில் உங்களைப் போன்றவர்கள் உச்ச விலைக்கு வாங்குவார்கள். இதைத் தடுக்க ஒரு வழி இருக்கிறது. குஜராத்தில் ரொம்ப காலமாக நடக்கும் முறை அது. எல்லோர் நிலத்தையும் ஒன்றாகத் தொகுத்து, சாலைக்கும் பள்ளிக்கும் பூங்காவுக்கும் ஒதுக்கியது போக, மீதியை வசதி செய்த மனையாக அதே உரிமையாளர்களுக்குத் திருப்பிக் கொடுப்பது. அளவு குறையும், மதிப்பு கூடும், கூடுதல் விவசாயியின் கையிலேயே இருக்கும். தமிழ்நாட்டு நகர் ஊரமைப்புச் சட்டத்திலும் இந்த நிலத் தொகுப்புக்கு இடம் சேர்த்திருக்கிறார்கள். அரக்கோணத்தில் நிலையம் உறுதியானால், மனை வியாபாரம் தொடங்கும் முன்பே சுற்று வட்டாரத்துக்கு இப்படி ஒரு திட்டம் போட வேண்டும் என்று கிராம சபையில் இப்போதே கேட்கலாம்.

புதுப்பிக்க வேண்டிய நிலமும் நம்மிடம் நிறையவே இருக்கிறது, அதைச் சொல்லாமல் போக மனசு வரவில்லை. ராணிப்பேட்டையில் மூடிப்போன குரோமேட் தொழிற்சாலையின் கழிவு ஒன்றரை லட்சம் டன் அளவில் மலையாகக் கிடந்தது உங்களுக்குத் தெரியும். தோல் தொழிற்சாலைகள் பாலாற்றுக்குச் செய்ததைப் பற்றி உச்ச நீதிமன்றம் 1996-இலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது. ரயிலைக் காட்டி நல்ல நஞ்சையை மனையாக்குகிறோம். கெட்டுப்போன அந்த நிலத்தைச் சுத்தம் செய்து திரும்பப் பயன்படுத்துவதுதான் கிங்ஸ் கிராஸிலும் எப்ஸ்ஃப்ளீட்டிலும் அவர்கள் கையில் எடுத்த வேலை. நம் பக்கம் ரயில் பணம் வருமானால் அதில் ஒரு பங்கு இதற்குப் போக வேண்டும். காட்பாடி ஜங்ஷனைச் சுற்றியுள்ள இடத்தையும் அதேபோல் சேர்த்து யோசிக்கலாம். நிலையத்தைச் சீரமைக்க 2022 மே மாதமே அடிக்கல் நாட்டினார்கள். ஆனால் வெளியே வந்ததும் மேம்பாலத்தில் நிற்கிற நேரம் குறையாமல் கட்டடம் மட்டும் அழகானால் நிலத்துக்கு ஒன்றும் சேராது. வேலூரின் பார்வையில், சித்தூரில் ஒரு அதிவேக நிலையம் வந்தால் அது நமக்குச் சுமார் 35 கிலோமீட்டர். 1911 வரை வட ஆற்காட்டின் தலைநகரமாக இருந்த ஊர்தான் அது. அங்கிருந்து காட்பாடிக்கும் சி.எம்.சி.க்கும் நேர் பஸ்ஸும் இணைப்பு ரயிலும் இருந்தால்தான் வேலூருக்குப் பலன்.

கடைசியாக அப்பாவின் நிலம். பக்கத்தில் நட்ட கல்லைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். வான்வழி அளவைக்கும் ஜி.பி.எஸ். அளவைக்கும் தரையில் குறிப்புக் கற்கள் நடுவது வழக்கம். கல் நின்ற இடத்தில்தான் பாதை போகும் என்று இல்லை. அது விரைவுச் சாலைக்கோ, வேறு துறையின் அளவைக்கோ நட்டதாகவும் இருக்கலாம். கல்லில் எழுதியிருக்கும் எழுத்தையும் எண்ணையும் படம் எடுத்து, வி.ஏ.ஓ.விடமும் தாலுகா ஆபீஸ் நில அளவைப் பிரிவிலும் கேளுங்கள். வாய்வார்த்தையாக வரும் பதில் போதாது, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போட்டு எழுத்தில் வாங்குங்கள்.

உண்மையிலேயே பாதை அந்த வழியில் வந்தாலும், மும்பை தடத்தில் பெரும்பகுதி தூண்களின் மேல் போகிறது, எடுத்துக்கொண்ட பட்டையின் அகலம் ஏறத்தாழ 17.5 மீட்டர். உங்கள் 70 சென்ட் சுமார் 2,830 சதுர மீட்டர். ஐம்பது மீட்டர் நீளத்துக்குப் பாதை குறுக்கே போகிறது என்று வைத்தால் 22 சென்ட் போல எடுப்பார்கள். இழப்பீடு 2013 நிலமெடுப்புச் சட்டத்தின் கணக்குப்படிதான். ரயில்வே சட்டத்தின் கீழ் எடுத்தாலும் இழப்பீட்டுக்கு அந்தக் கணக்கே பொருந்தும். கைடுலைன் மதிப்பு (பத்திரப் பதிவுக்கு அரசு வைத்திருக்கும் மதிப்பு), அல்லது முந்தைய மூன்று வருடத்தில் பக்கத்து நிலங்களுக்குப் பதிவான பத்திரங்களில் மேல் பாதியின் சராசரி, இதில் எது அதிகமோ அது. கிராமப்புறம் என்றால் மாநில விதிப்படி 1 முதல் 2 வரையான ஒரு காரணியால் பெருக்குவார்கள். அதற்கு மேல் நூறு சதவீதம் ஆறுதல் தொகை. நடுவில் வெட்டுப்பட்டு மீதி நிலம் துண்டானால் அந்த நஷ்டத்தையும் கேட்கலாம். புரோக்கர் பயமுறுத்திக் கேட்கும் விலையை இந்தக் கணக்கோடு வைத்துப் பாருங்கள். நிலத்தை எடுக்கப்போகிறார்கள் என்று அவர் உண்மையிலேயே நம்பினால், அதை வாங்க ஏன் இவ்வளவு அவசரப்படுகிறார்?

அதனால் இப்போது விற்க வேண்டாம். அறிவிக்கை வந்த பிறகு ஆட்சேபம் சொல்லக் கிடைக்கும் அவகாசம் குறைவு. ரயில்வே சட்டத்தில் 30 நாள், 2013 சட்டத்தில் 60 நாள். அதற்குள் ஓடியாடிக் காகிதம் சேர்க்க முடியாது. 2013 சட்டத்தில் முதல் அறிவிக்கை வந்துவிட்டால் நிலத்தைக் கைமாற்றவும் கூடாது. ஆகவே இன்றைக்கே செய்ய வேண்டியது, பட்டா அப்பா பெயரில் தனிப்பட்டாவாக இருக்கிறதா, தாத்தா பெயரில் சித்தப்பா, பெரியப்பாவோடு கூட்டுப்பட்டாவாகக் கிடக்கிறதா என்று பார்ப்பது. கூட்டுப்பட்டா என்றால் இழப்பீடு வரும் நாளில் பங்காளித் தகராறு கோர்ட்டுக்குப் போய், பணம் அங்கேயே தங்கிவிடும். கிணறு, போர், தென்னை இருந்தால் அடங்கலில் (வி.ஏ.ஓ. வைத்திருக்கும் பயிர்க் கணக்கில்) ஏற்றச் சொல்லுங்கள், தேதியோடு படம் எடுத்து வையுங்கள். அப்பாவிடம் இருப்பது கூட்டுப்பட்டாதான் என்றால், சர்வே எண்ணையும் பெயர்களையும் மறைத்துவிட்டு இங்கே போடுங்கள். உட்பிரிவுக்கு மனு எப்படி எழுதுவது என்று சொல்கிறேன்.